செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் வரும் கேள்விகள்

டெக்ஸஸுக்கு வந்து 12 வருடம் ஆகிறது. அதில் 9 வருடமாக மாதம் இரண்டு சனிக்கிழமை, காற்றில் எறியும் களிமண் தட்டுகளைச் சுடப் போகிறேன், செப்டம்பரில் புறா வேட்டைக்கும் போவதுண்டு. என் துப்பாக்கி செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்: ஒரே தோட்டாவில் பல சிறு உருண்டைகளை (ரவைகளை) வீசும், சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். நம்மவர்கள் யாராவது புதிதாக இதில் இறங்கும்போது கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் அமெரிக்காவுக்கு மட்டும். ஊரில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம் இருக்கிறது, அது முற்றிலும் வேறு கதை.

அண்ணா, நான் ஹெச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கூட வேலை பார்க்கிற அமெரிக்க நண்பர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அதனால் அவர்கள் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

ஹெச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் உள்ளவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது பொது விதி. விதிவிலக்குகளில் நமக்கு உதவுவது ஒன்று: ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் வாங்கலாம், வைத்திருக்கலாம். கடையில் 4473 என்ற மத்திய அரசுப் படிவம் நிரப்பும்போதே இதைக் கேட்பார்கள், உரிமத்தின் நகலைக் காட்ட வேண்டும். சொந்தமாக வாங்குவதற்கு மட்டும்தான் இந்த விதி என்று நினைத்துவிடாதீர்கள். சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும், நண்பருடையதை வாங்கி நாலு தட்டு சுட்டுப் பார்ப்பதும் இதில் அடங்கும்.

டெக்ஸஸ் வேட்டை உரிமம் ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 31-ல் முடிகிறது. புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிற துப்பாக்கியே குற்றமாகிவிடும். அந்தக் குற்றம் விசாவையும் தின்றுவிடும். தொலைபேசியில் நினைவூட்டல் வையுங்கள். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்ஸஸில் வேட்டையாட வேட்டைக் கல்வி வகுப்பும் முடிக்க வேண்டும், அது நல்ல வகுப்புதான், சலித்துக்கொள்ளாமல் போங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்த உரிமக் கட்டாயம் இல்லை. நடுவில், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் நிலையில் குழப்பம் இருந்தால் கடைக்காரரைக் கேட்காதீர்கள், குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேஸ் என்கிறார்கள், இனர்ஷியா என்கிறார்கள். என்ன வித்தியாசம்?

இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

கேஸ் துப்பாக்கியில் பேரலின் (குழலின்) அடிப்பக்கம் ஒன்றிரண்டு சிறு துளைகள் இருக்கும். தோட்டா வெடித்ததும் அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் சூடான கேஸ் இறங்கி, பேரலுக்குக் கீழே இருக்கிற பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன், தோட்டாவுக்குப் பின்னால் குழலை மூடி நிற்கிற போல்ட்டைப் பின்னால் தள்ளும், காலித் தோட்டா பறக்கும், ஸ்பிரிங் போல்ட்டை முன்னால் கொண்டுவரும்போது அடுத்த தோட்டா ஏறும். 1963-ல் வந்த ரெமிங்டன் 1100 இந்த வகைதான், 40 லட்சத்துக்கு மேல் விற்றது. பெரெட்டா ஏ300, ஏ400, மாஸ்பெர்க் 940 எல்லாம் கேஸ். உதை நீண்டு பரவி வருவதால் தோளுக்கு மென்மையாக இருக்கும். ஆனால் கரி உள்ளே படியும்.

இனர்ஷியா என்பது இத்தாலியின் உர்பினோவில் 1967-ல் தொடங்கிய பெனெல்லி நிறுவனத்தின் அடையாளம். இதில் துளை, பிஸ்டன் எதுவும் கிடையாது. சுட்டதும் துப்பாக்கி முழுவதும் பின்னால் நகரும், கனமான போல்ட் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். பேருந்து சட்டென்று கிளம்பும்போது நின்றிருக்கிற நாம் பின்னால் சாய்கிறோமே, அதே சங்கதி. அந்த நொடியில் போல்ட்டுக்குள் இருக்கிற குட்டையான முரட்டு ஸ்பிரிங் அமுங்கி, விரியும்போது போல்ட்டைப் பின்னால் எறிகிறது. உதிரிகள் குறைவு, கரி பேரலோடு வெளியே போய்விடும், எடையும் குறைவு. உதை கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

பெனெல்லியிலேயே எம்4 மட்டும் கேஸ். 1999-ல் அமெரிக்க மரைன் படை தேர்ந்தெடுத்தது அதைத்தான். பெயரைப் பார்த்து இனர்ஷியா என்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு.

முதல் துப்பாக்கியாக எதை வாங்கலாம்?

தட்டு சுடத்தான் போகிறீர்கள் என்றால் 28 அங்குல பேரலோடு 12 கேஜ் கேஸ் துப்பாக்கி. என் பதில் எப்போதும் இதுதான். லேசான பயிற்சித் தோட்டாவிலும் ஓடும், ஒரே நாளில் 100 தட்டு சுட்டாலும் தோள் வலிக்காது. சதுப்பில், சேற்றில், வாத்து வேட்டைக்குத்தான் அதிகம் போவீர்கள் என்றால் இனர்ஷியா. உடம்பு சிறியதாக இருந்தால், அல்லது பதின்ம வயதுப் பிள்ளைக்கு என்றால் 20 கேஜ்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். கண்ணை மூடி, தோளில் வைத்து, கன்னத்தை ஸ்டாக்கில் (தோளில் வைக்கிற பின்கட்டையில்) பதித்து, பிறகு கண்ணைத் திறங்கள். பேரலின் மேல்பட்டை நேராக, நுனி மணி நடுவில் தெரிந்தால் அது உங்களுக்குப் பொருந்துகிறது. பின்பக்க உலோகம் மட்டும் தெரிந்தாலோ, பட்டை முழுவதும் மேடாகத் தெரிந்தாலோ பொருந்தவில்லை. எந்த நிறுவனம் என்பதைவிட இது முக்கியம்.

12 கேஜ் என்றால் என்ன அளவு? பெட்டியில் 2¾, 3 என்று போட்டிருக்கிறதே?

ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுதான் 12 கேஜ், சுமார் 18.5 மில்லிமீட்டர். அதனால்தான் 20 கேஜ் 12-ஐவிடச் சிறியது. 2¾, 3, 3½ என்பது தோட்டாவின் அங்குல நீளம். சேம்பர் என்பது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம். 3 அங்குல சேம்பரில் 2¾ போடலாம், 2¾ சேம்பரில் 3 போடக் கூடாது. பேரலிலேயே பொறித்திருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. 20 கேஜ் தோட்டாவைத் தவறுதலாக 12 கேஜ் துப்பாக்கியில் போட்டால் அது சேம்பரைத் தாண்டி முன்னால் வழுக்கிப் போய் பேரலில் சிக்கி நிற்கும். பின்னால் இருந்து பார்த்தால் சேம்பர் காலியாகத் தெரியும். அதன் பின்னால் ஒரு 12 ஏறிச் சுட்டால் பேரல் உங்கள் இடது கைக்கு மேலே வெடிக்கும். 20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சளாக இருப்பது இதற்காகத்தான். வீட்டில் இரண்டு கேஜும் இருந்தால் இரண்டு தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள், ஒரே சட்டைப் பையில் இரண்டையும் ஒருநாளும் போடாதீர்கள்.

எத்தனை சுட்டால் சுத்தம் செய்ய வேண்டும்?

கேஸ் துப்பாக்கி என்றால் 300, 400 தோட்டாவுக்கு ஒருமுறை பிஸ்டன் பக்கத்தைத் துடைத்துவிடுவேன். நிறுவனங்கள் இதைவிட அதிகம் சொல்கின்றன. மாஸ்பெர்க் 940-க்கு 1500 வரை என்கிறார்கள், இருக்கலாம், ஆனால் 400-ல் துணியால் வருகிற கரி 1500-ல் சுரண்டினால்தான் வரும். இனர்ஷியாவுக்கு இன்னும் அதிக இடைவெளி விடலாம். மழையில் நனைந்தால், வியர்வை பட்டால், கடல் காற்றில் நின்றால் எண்ணிக்கை பார்க்காமல் அன்று இரவே.

முதல் வேலை, தோட்டாக்கள் இருக்கும் பெட்டியை வேறு அறைக்குக் கொண்டுபோவது. பிறகு போல்ட்டைப் பின்னால் பூட்டி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்து, பேரலுக்குக் கீழே அடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் மேகசின் குழாயிலும் விரல் விட்டுப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் அப்புறம் மேகசின் மூடியைக் கழற்றினால் முன்கட்டை வரும், பேரல் வரும், போல்ட்டின் கைப்பிடியை இழுத்தால் போல்ட் வெளியே வரும், ரிசீவரில் (போல்ட் ஓடுகிற நடு உடலில்) இருக்கிற ஊசி ஒன்றையோ இரண்டையோ தட்டினால் டிரிகர் தொகுதி மொத்தமாக இறங்கும். முதல்முறை செய்யும்போது ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத் துணியில் அடுக்கி, தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1100-ல் பிஸ்டனும் அதன் சீல் வளையமும் எந்தப் பக்கம் பார்த்து உட்காரும் என்பதில் எல்லாரும் ஒருமுறையாவது குழம்பியிருப்போம்.

பேரலைச் சேம்பர் பக்கத்திலிருந்து, கரைப்பான் தொட்ட வெண்கலத் தூரிகையால் தேய்த்து, துணி வெள்ளையாக வரும்வரை இழுங்கள். சேம்பரை மட்டும் தனியாகக் கவனியுங்கள், தோட்டாவின் பிளாஸ்டிக் அங்கே மெழுகு போலப் படியும், காலித் தோட்டா ஒட்டிக்கொள்வது அதனால்தான். கேஸ் துளைகளை, புகைபிடிக்கும் பைப்பைத் துடைக்கிற கம்பித் திரியால் சுத்தம் செய்யலாம், துளைக்குள் மின் துரப்பணத்தைக் கொண்டுபோகாதீர்கள். துளை பெரிதானால் போல்ட் வெறியோடு பின்னால் வந்து மோதும்.

எல்லாரும் மறக்கிற இடம் ஸ்டாக்குக்குள் இருக்கிறது. பல மாடல்களில் போல்ட்டை முன்னால் தள்ளும் ஸ்பிரிங் ஸ்டாக்கின் உள்ளே ஒரு குழாயில் இருக்கும், வாத்து வேட்டையில் இறங்குகிற தண்ணீரும், நாம் தாராளமாக விடுகிற எண்ணெயும் அங்கே போய்ச் சேர்ந்து துருவும் சேறுமாக இறுகும். என் முதல் துப்பாக்கியில் நான் ஐந்து வருடம் அதைத் திறக்கவே இல்லை. புறாப் பருவம் தொடங்கிய அன்று போல்ட் பாதி வழியில் நின்றது, வானம் முழுக்கப் பறவை, நான் வரப்பில் உட்கார்ந்து ஸ்குரூடிரைவர் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வருடம் ஒருமுறை, ஆகஸ்டில், உரிமம் புதுப்பிக்கிற அதே வாரத்தில் திறந்துவிடுகிறேன்.

எண்ணெய் எவ்வளவு விடலாம்?

நினைப்பதில் பாதி. போல்ட் ஓடும் தடங்களில் ஒரு மெல்லிய பூச்சு, வெளி உலோகத்தில் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. பிஸ்டன் பகுதி ஏறக்குறைய உலர்ந்தே இருக்கட்டும், அங்கே எண்ணெய் விட்டால் கரியோடு சேர்ந்து பசையாகும். குளிரில் எண்ணெய் தடிக்கும், அதனால் ஜனவரியில் இன்னும் குறைவாக. சோக்கின் (பேரல் நுனியில் திருகுகிற, ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் குட்டைக் குழாய்) மரையில் மட்டும் கொஞ்சம் கிரீஸ், இல்லாவிட்டால் அது பேரலோடு பிறந்தது போல ஒட்டிக்கொள்ளும்.

திடீரென்று சரியாக ஓடவில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். கையேட்டில் குறைந்தபட்சம் எவ்வளவு கனமான தோட்டா வேண்டும் என்று எழுதியிருக்கும். புதிய இனர்ஷியா துப்பாக்கிகள் ⅞ அவுன்ஸ் லேசான தோட்டாவில் திணறுவது சகஜம், ஒன்றிரண்டு பெட்டி கனமான தோட்டா சுட்டுப் பழக்கினால் பிறகு ஓடும்.

அடுத்து, துப்பாக்கியில் என்னென்ன மாட்டியிருக்கிறீர்கள்? இனர்ஷியா துப்பாக்கி பின்னால் நகர்ந்தால்தான் வேலை செய்யும். அதன் பக்கத்தில் தோட்டாப் பட்டை, கீழே விளக்கு, முன்னால் நீட்டிப்பு என்று எடை ஏற்றினால் நகர்வு குறையும், லேசான தோட்டாவில் சிக்கும்.

1100 என்றால் மேகசின் குழாயின் முன்பக்கம் இருக்கிற ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அது கிழிந்தால் கேஸ் கசிந்து போல்ட் முழுதாகப் பின்னால் வராது. மிக மலிவான பொருள், முன்கட்டைக்குள்ளோ பையிலோ இரண்டு உபரியாக வைத்திருங்கள்.

பெனெல்லிக்காரர்களுக்கு 'கிளிக்' என்று ஒரு தனித் தொல்லை உண்டு. போல்ட்டைச் சத்தம் வராமல் மெதுவாகக் கையால் மூடினாலோ, துப்பாக்கியைத் தரையில் தட்டினாலோ, போல்ட் தலை முழுதாகத் திரும்பிப் பூட்டாமல் ஒரு மயிரிழை வெளியே நிற்கும், டிரிகரை அழுத்தினால் கிளிக் என்று மட்டும் கேட்கும். போல்ட்டை விட்டால் முழு வேகத்தில் மூட விடுங்கள்.

சுட்டபோது 'புஸ்' என்று பலவீனமான சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். செமி ஆட்டோவில் அடுத்த தோட்டா ஏறியிருக்கக்கூடும். இறக்கிவிட்டு, பேரலைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள், பிளாஸ்டிக் வாட் (ரவைக்கும் மருந்துக்கும் நடுவே இருக்கிற அடைப்பு) உள்ளே சிக்கியிருந்தால் அடுத்த சுடுதல் பேரலைப் பிளக்கும். சத்தமே வராவிட்டால் பேரலை மைதானத்தின் பக்கமே நீட்டி 30 விநாடி காத்திருந்து பிறகு இறக்குங்கள்.

மாற்றங்கள் செய்ய ஆசை. எதில் தொடங்கலாம்?

இதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. முதல் 500 தோட்டா வரை எதையும் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் தோட்டா வாங்குங்கள், ஒரு பயிற்சியாளரிடம் இரண்டு மணி நேரம் கற்றுக்கொள்ளுங்கள். துப்பாக்கி உங்களிடம் என்ன கேட்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

பிறகு செய்ய வேண்டிய முதல் மாற்றம் ஸ்டாக்கின் பொருத்தம். பெரெட்டா, பெனெல்லி துப்பாக்கிகளின் பெட்டியிலேயே ஷிம் என்று சில மெல்லிய தகடுகள் வரும், பெரும்பாலானவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்! ஸ்டாக்குக்கும் ரிசீவருக்கும் நடுவே அதை மாற்றி வைத்தால் ஸ்டாக் உயரும், தாழும், இடம் வலமாகச் சாயும். நீளத்தைப் பின்பக்க ரப்பர் பட்டையை மாற்றிச் சரிசெய்யலாம். நம்மில் பலருக்குக் கடை அளவு நீளம்தான், துப்பாக்கி அக்குளில் மாட்டும். நான் அரை அங்குலம் குறைத்த மாதமே இடது பக்கம் போகிற தட்டுகள் உடையத் தொடங்கின.

அதற்குப் பிறகு, கையுறையோடு சுட்டால் பெரிய போல்ட் கைப்பிடி, பெரிய விடுவிப்புப் பொத்தான். ரைபிள், கைத்துப்பாக்கி, ஷாட்கன் மூன்றையும் சுடுகிற மூன்று துப்பாக்கிப் போட்டிக்குப் போகிறவர்கள் தோட்டா ஏற்றும் வாயை அகலப்படுத்துவார்கள், நான்கு நான்காக ஏற்ற அது உண்மையிலேயே உதவும், ஆனால் அனுபவமுள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். பளபளக்கும் நுனி மணி வேண்டாம் என்பேன், கண் தட்டைப் பார்க்க வேண்டும், மணி பிரகாசமாக இருந்தால் கண் அங்கே ஓடும்.

டிரிகரை வீட்டில் அரம் போட்டு லேசாக்காதீர்கள். ஒரு அழுத்தத்துக்கு இரண்டு தோட்டா போனால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து, சட்டப்படியும் அது இயந்திரத் துப்பாக்கி ஆகிவிடும்.

எந்த சோக் போட வேண்டும்?

தட்டுக்கு இம்ப்ரூவ்டு சிலிண்டர் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ரவைகளில் சுமார் பாதியை அது வைக்கும். மாடிஃபைடு 60 சதவீதம், ஃபுல் 70. பெரெட்டாவின் மொபில்சோக்கும் ஆப்டிமாவும் வேறு வேறு மரை, 'ஏறக்குறைய பொருந்துகிறது' என்று முறுக்கக் கூடாது. ஃபுல் சோக்கில் எஃகு ரவை வேண்டாம். நீர்ப்பறவைகளுக்கு ஈய ரவை 1991 முதல் நாடு முழுவதும் தடை என்பதால் வாத்துக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பேரலை வெட்டலாமா? மேகசினை நீட்டலாமா?

மூடிய போல்ட்டிலிருந்து நுனி வரை பேரல் 18 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ 1934-ஆம் வருடத் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தில் மாட்டுவீர்கள், முன்கூட்டிப் பதிவு செய்யாமல் வைத்திருப்பது பெருங்குற்றம். கழற்றக்கூடிய சோக் நீளம் கணக்கில் சேராது. வெட்டாதீர்கள். குட்டை பேரல் வேண்டுமென்றால் நிறுவனமே விற்கிறது, ஐந்து நிமிடத்தில் மாற்றலாம்.

மேகசின் நீட்டிப்பு பல மாநிலங்களில் தவறில்லை, சிலவற்றில் தவறு. ஆனால் புறா, வாத்து போன்ற வலசைப் பறவைகளை வேட்டையாடும்போது சேம்பரில் ஒன்று, மேகசினில் இரண்டு, மொத்தம் மூன்றுக்கு மேல் ஏறக் கூடாது, மேகசினில் அடைப்புக் குச்சி இருக்க வேண்டும். வயலில் அதிகாரி வந்து மூன்றாவதைத் தள்ளிப் பார்ப்பார். இறக்குமதித் துப்பாக்கியில் ஐந்துக்கு மேல் நீட்டினாலோ, நீட்டி மடக்கும் ஸ்டாக் போட்டாலோ, சட்டத்தில் பட்டியலிட்ட 20 உதிரிகளில் இறக்குமதியானவை 10-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி குறுக்கே வரும். எம்4 வாங்குகிறவர்கள் மாற்றத்துக்கு முன் அதை எண்ணிப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் நீட்டி மடக்கும் ஸ்டாக்கும் பிஸ்டல் பிடியும் ஒன்றாக உள்ள செமி ஆட்டோ ஷாட்கனையே தடை செய்திருக்கிறார்கள்.

எனக்கு இடது கை. காலித் தோட்டா முகத்தில் அடிக்குமா?

முகத்துக்கு முன்னால் பறக்கும், அடிக்காது. கண்ணாடி எப்படியும் போடுவீர்கள். இடது கைக்காரர்களுக்கென்றே ரெமிங்டன் 1100, பெனெல்லி எம்2, பெரெட்டா ஏ400 எல்லாம் வந்திருக்கின்றன. பல வலது கைத் துப்பாக்கிகளில் பாதுகாப்புப் பொத்தானை மட்டும் திருப்பி வைத்தாலே போதும்.

ஒலிம்பிக்கில் யாரும் செமி ஆட்டோ வைத்திருப்பதாகத் தெரியவில்லையே?

புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸில் டிராப் என்ற தட்டு சுடும் போட்டியில் சுட்டதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே மேலும் கீழுமாக இரட்டைக் குழல்தான் வழக்கம். இரண்டு குழலுக்கு இரண்டு வெவ்வேறு சோக், சிக்கலே இல்லாத இயக்கம், அந்த அளவு துல்லியத்தில் இது முக்கியம். நமக்கு விலையும் உதையும் முக்கியம், அங்கே செமி ஆட்டோ முந்துகிறது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மனைவிக்குப் பயம்.

அவர் பயம் சரி. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எஃகுப் பெட்டியை முதலில் வாங்கிச் சுவரில் முடுக்குங்கள், துப்பாக்கி அப்புறம். தோட்டா தனிப் பூட்டில், சாவியோ எண்ணோ பெரியவர்களுக்கு மட்டும். டெக்ஸஸில் 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்கு எட்டும்படி தோட்டா ஏற்றிய துப்பாக்கியை விட்டு வைப்பதே குற்றம். வீட்டில் யாராவது மனம் உடைந்து, இருண்ட நாட்களில் இருந்தால் அது தீரும்வரை துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே பாதுகாப்பாக வைக்க வழி பாருங்கள், தயங்காதீர்கள்.

சுட்டு வந்ததும் கையைக் குளிர்ந்த தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். ஈயத் தூள் கண்ணுக்குத் தெரியாது.

பழைய பிரவுனிங் ஆட்டோ-5 ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

முதுகு கூன் விழுந்த மாதிரி இருக்குமே, அதுதான். ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, உலகில் பெருவாரியாக விற்ற முதல் செமி ஆட்டோ ஷாட்கன். வின்செஸ்டரோடு ராயல்டி விஷயத்தில் ஒத்துப்போகாமல் ரெமிங்டனுக்குக் கொண்டுபோனார், அதன் தலைவர் 1902 ஜனவரியில் மாரடைப்பில் இறந்துபோனார், கடைசியில் பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் அதைச் செய்தது. 1998 வரை தயாரானது. கேஸும் இல்லை, இனர்ஷியாவும் இல்லை, சுட்டதும் பேரலே போல்ட்டோடு சேர்ந்து பின்னால் வரும்.

வாங்குவதற்கு முன் முன்கட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். மரத்தில் விரிசல் இருந்தால் யாரோ உராய்வு வளையங்களை (பின்னால் வரும் பேரலின் வேகத்தைக் குறைப்பவை) தவறாக வைத்து ஓட்டியிருக்கிறார்கள். கனமான தோட்டாவுக்கு எஃகு வளையம் ஸ்பிரிங்குக்கு முன்னால், வெண்கலத் துண்டை ஒட்டி இருக்க வேண்டும், லேசான தோட்டாவுக்கு ஸ்பிரிங்குக்குப் பின்னால், ரிசீவரை ஒட்டி. பழைய பெல்ஜியத் துப்பாக்கிகளில் சேம்பர் 2¾-ஐவிடக் குட்டையாகவும் இருக்கலாம், 16 கேஜில் குறிப்பாக, அதனால் மெக்கானிக்கிடம் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் சரியாக இருந்து, பேரல் உள்ளே கண்ணாடி போல இருந்தால், வாங்கிவிடுங்கள்.